பன்னிரண்டு முதுகுகள்

முள்ளோடை உப்பளத்துப் பெண்கள் பன்னிரண்டு பேர் படங்களில் முதுகைத் திருப்பிக்கொண்டது மார்ச் மாதத்தின் இரண்டாம் வியாழக்கிழமை, காலை பத்தரைக்கு மேல் பதினொன்றுக்குள் என்று அந்தப் படங்களை எடுத்த சுயம்புக்கனியால் உறுதியாகச் சொல்ல முடிந்தது. பத்தரைக்குக் கேமராவின் கண்ணாடி வழியாக அவள் கடைசி முகத்தைப் பார்த்தாள். பதினொன்றுக்கு உப்பு அம்பாரத்தின் நிழலில் உட்கார்ந்து, பொத்தானை அமுக்கி ஒவ்வொரு படமாகப் பின்னால் தள்ளிக்கொண்டு போனபோது ஒரு முகம்கூட இல்லை, பன்னிரண்டு பேரும் நின்ற இடத்திலேயே, தலையில் சட்டியோடு, வரப்பில் விழுந்த தங்கள் நிழலும் அசையாமல், அந்தப் பக்கம் திரும்பி நின்றார்கள்.

கனிக்கு இருபத்தொரு வயது. அவள் அம்மா இசக்கியம்மாள் அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி. சென்னையில் ஒளிவிதை அறக்கட்டளை என்று ஒன்று, வருஷத்துக்கு ஆறு இளம் புகைப்படக்காரர்களைத் தேர்ந்தெடுத்து ஆளுக்கொரு கேமராவும் மாதாமாதம் உதவித்தொகையும் ஒரு வழிகாட்டியும் கொடுத்தது. விளிம்பிலிருந்து வருகிறவர்களுக்கு முன்னுரிமை என்று விண்ணப்பத்தில் போட்டிருந்தது. விளிம்புன்னா யாருட்டி என்று இசக்கியம்மாள் கேட்டாள். நாமதான் என்றாள் கனி. அப்படியா, எனக்குத் தெரியாதே என்றாள் இசக்கியம்மாள். வருஷக் கடைசியில் பன்னிரண்டு முகப்படங்கள் கொடுக்க வேண்டும். வழிகாட்டி அவற்றை ஏற்றுக்கொண்டால் இரண்டாம் வருஷம் வடக்கே ஒரு பெரிய புகைப்படப் பள்ளியில் படிப்பும் தங்குமிடமும் இலவசம், ஏற்காவிட்டால் கேமராவைத் துடைத்துப் பெட்டியில் வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டு, மறுநாள் விடியுமுன் அம்மாவுக்குப் பின்னால் சட்டியோடு வரப்பில் ஏற வேண்டியதுதான். அந்த இரண்டாம் வருஷத்துக்காகக் கனி எதையும் செய்யத் தயாராக இருந்தாள், அவளிடம் கேட்கப்பட்டதும் அதுதான்.

முதலில் அவள் எடுத்தவை வேறு படங்கள். முள்ளோடையில் ஒருவர் படம் எடுக்க வந்தால் குளித்துத் தலைசீவி அவர் முகத்துக்கு நேராக நிற்பது மரியாதை. வீட்டுக்கு வந்தவரை உட்காரச் சொல்வதுபோல அதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. லாரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், வீட்டுக்கு நாலு குடம். அதில் ஒரு குடத்தை, குடிக்க வைத்திருந்ததை, பன்னிரண்டு பேரும் முகத்தில் படிந்த உப்பு போகும்வரை தேய்த்துக் கழுவுவதற்குச் செலவழித்தார்கள். பவுடர் போட்டார்கள். பெட்டியிலிருந்து புடவை எடுத்தார்கள். அம்பாரத்துக்கு முன்னால் நிமிர்ந்து நின்று, இசக்கி மகளை நேராகப் பார்த்துச் சிரித்தார்கள்.

வழிகாட்டி ரகுநந்தன் அந்தப் படங்களைக் கணினியில் வேகமாக ஓட்டிப் பார்த்தார். ஐம்பது தாண்டியவர், கைத்தறிச் சட்டை போடுகிறவர், குரலை உயர்த்தாதவர், பல நாடுகளில் பரிசு வாங்கியவர்.

“இது கல்யாண ஸ்டூடியோ படம் கனி. இதுல உண்மை எங்க இருக்கு?”

“நல்லாத்தானே சார் நிக்காவ.”

“அதுதான் பிரச்சினை. அவங்க நிக்கிறாங்க. நிக்கக் கூடாது, இருக்கணும். உன்னைப் பார்க்கக் கூடாது. முகம் கழுவக் கூடாது. அந்த உப்பு, அந்த வெடிப்பு, அந்த வலி, அதுதான் உன் மொழி. புரியுதா?”

புரிகிறது என்றாள். அவரே காரில் வந்தார். அந்த வியாழக்கிழமை தொப்பியோடு அவளுக்குப் பக்கத்தில் நின்று, ஒவ்வொருத்தி வரும்போதும் வெளிச்சம் எங்கே விழுகிறது, உப்பு எங்கே மின்னுகிறது என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே இருந்தார். கனி அவர்களிடம் போய்ச் சொன்னாள்: முகத்தைக் கழுவாதிய, சிரிக்காதிய, என்னைப் பாக்காதிய.

அம்மாவோடு வேலை பார்க்கும் தங்கபுஷ்பம் சட்டியைத் தலையில் வைத்தபடியே கேட்டாள்: “ஏன், எங்க மூஞ்சிக்கு என்னட்டி?”

“ஒண்ணுமில்ல சித்தி. சார் அப்படித்தான் வேணுங்காரு.”

“அவருக்கு வேணும்னா சரி. உனக்கும் அப்படித்தான் வேணுமா?”

எனக்கும்தான் என்றாள் கனி. அதன் பிறகு அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. சொன்னபடி நின்றார்கள்.

படங்களில் முதுகு வந்தது என்று தெரிந்ததும் தெருவில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. உப்புக் காற்றில் இரும்பே ஒரு வருஷத்தில் ஓலையாகிவிடும் ஊர் அது. ஆனால் அன்று சாயங்காலம், பன்னிரண்டு பேரில் ஒருத்தியான வேலம்மாள், விளக்கு ஏற்றப் போனவள் சுவரைப் பார்த்துவிட்டு வந்து, எங்க கல்யாணப் படத்துல அவிய மட்டும் மாலையோட முன்னால பாக்காவ, நான் சுவத்தைப் பாத்து நிக்கேன் என்று சொன்னபோது மற்றவர்களும் போய்ப் பார்த்தார்கள். ரேஷன் அட்டை, ஆதார், வாக்காளர் அட்டை, மகளிர் குழுப் பாஸ்புத்தகம், பேரப்பிள்ளை காதுகுத்துக்கு எடுத்தது, கடற்கரைக்குப் போனபோது யாரோ செல்போனில் எடுத்தது என்று எங்கெங்கே அந்தப் பன்னிரண்டு பேர் இருந்தார்களோ அங்கெல்லாம் அவர்கள் திரும்பியிருந்தார்கள், பழைய படங்களில் பழைய முதுகு, பின்னல் நீளமாக, தோள் குறுகலாக, இன்னும் சட்டி சுமந்து கூன் விழாததாக.

அதிலிருந்து கொஞ்ச நாளைக்கு யார் வீட்டு முதுகு யாருடையது என்ற சண்டை நடந்தது. தங்கபுஷ்பத்தின் புருஷன் குழுப் படத்தில் வேறொருத்தியைத் தொட்டு இதுதான் எம்பொண்டாட்டி என்று சொல்லி மூன்று நாள் கடையில் சாப்பிட்டார். முப்பது வருஷம் குடும்பம் நடத்திய ஆண்களுக்கு மனைவியின் முதுகு தெரியவில்லை. ஆனால் உப்பளத்தில் வரிசையில் எவளுக்குப் பின்னால் எவள் சட்டி சுமந்து நடக்கிறாளோ அவளுக்குத் தெரிந்தது. விடிகாலை நாலு மணியிலிருந்து இருட்டில் வரப்பில் முன்னால் போகிறவளின் முதுகைப் பார்த்துக் காலை வைக்கிறவர்கள் அவர்கள். முன்னவள் தோள் இடப்பக்கம் சரிந்தால் வரப்பு உடைந்திருக்கிறது, இடுப்பு நின்றால் பாம்பு கிடக்கிறது. எனவே ரேஷன் கடையிலும் வங்கியிலும் அட்டையைக் காட்டும்போது பின்னால் சுமக்கிறவளைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு போகிற வழக்கம் வந்தது. ஆமா, இது வேலம்மா முதுகுதான், நான் பதினேழு வருசமா பாக்கேன் என்று அவள் சொல்வாள். கடைக்காரர் வேலம்மாளைத் திரும்பி நிற்கச் சொல்லி, அட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அரிசி போடுவார். தையல்காரி புளோரா ரவிக்கைகளின் பின்பக்கத்துக்கு எம்பிராய்டரி செய்து கூடக் காசு கேட்டாள். முகத்துக்குத்தான் வேலை இல்லன்னு ஆயிப்போச்சே, அங்கயாவது ரெண்டு பூ போட்டுக்கிடுங்க என்றாள். மே மாதத்துக்குள் பன்னிரண்டு பேரும் எந்த அலுவலகத்தின் வாசலில் ஏறினாலும் தாங்களாகவே முதலில் திரும்பி நிற்கப் பழகிவிட்டார்கள். அதைப் பார்த்த நாளில் கனி வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. அவள் முகம் மட்டும் எல்லாப் படத்திலும் முகமாகவே இருந்தது. அறக்கட்டளையின் வண்ணத்தாளில் கேமராவைப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்தாள். அதைப் பற்றித் தெருவில் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

ரகுநந்தன் படங்களைப் பார்த்த அன்றே தொலைபேசியில் அழைத்தார்.

“கனி, நான் ரெண்டு மணி நேரமா இதையே பார்த்துட்டிருக்கேன். திருப்பி நிறுத்தணும்னு உனக்கு எப்படித் தோணுச்சு?”

“நான் நிறுத்தல சார். முன்னாலதான் பாத்து நின்னாவ. நீங்களும் பக்கத்துல நின்னியளே.”

அவர் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: “அதை வெளிய சொல்லாத. கலைஞர் தன் முடிவைத் தன் முடிவுன்னு சொல்லணும். நீ திரும்பச் சொன்ன, அவங்க திரும்பினாங்க. உலகத்துக்கு முதுகு காட்டுற பெண்கள். இது ஒரு மறுப்பு. இதைவிடப் பெரிய முகம் இருக்கா?”

பன்னிரண்டு படங்களும் ஏற்கப்பட்டன. இரண்டாம் வருஷம் உறுதி என்று கடிதம் வந்தது. கூடவே இன்னொரு தாள்: படங்களின் உரிமை அறக்கட்டளையுடையது, அனுமதியின்றி அவற்றைப் பற்றி எங்கும் அறிக்கையோ சாட்சியமோ தரக் கூடாது. கனி கையெழுத்துப் போட்டாள். பிறகு முள்ளோடைக்கு வேன்கள் வந்தன. முதுகு எடுக்கக் கற்றுக்கொள்ள இரண்டு நாள் பயிலரங்கு என்று தொப்பியும் தண்ணீர்ப் பாட்டிலுமாக இருபது முப்பது பேர் வரப்பில் வரிசையாக நின்று, எதிரே வருகிற பெண்களை முகத்துக்கு நேராகப் படம் பிடித்துக் கிடைத்த முதுகைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். தண்ணீர்ப் பாட்டில்களைப் பாத்தியிலேயே போட்டுவிட்டுப் போனார்கள்.

ஜூன் மாதம் முதலாளி உப்பளத்து அலுவலகத்தில் முகம் பார்த்து வருகை போடும் மெஷினை மாட்டினார். பன்னிரண்டு பேரும் அதன் முன் நின்றார்கள். முகம் தெரியவில்லை, மீண்டும் முயலவும் என்றது மெஷின். மீண்டும் நின்றார்கள். கணக்கப்பிள்ளை செல்வின் நல்லவன்தான், முதல் வாரம் நோட்டில் எழுதிக்கொண்டான். நோட்டை மேலே ஒத்துக்கொள்ளவில்லை. முகம் பதியாத நாள் வேலை செய்யாத நாள் என்று வந்துவிட்டது. ஆனாலும் அவர்கள் வேலையை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அந்த இடத்துக்கு வேறு முகங்கள் வந்துவிடும். மூன்று வாரம் உப்பு சுமந்தார்கள், மூன்று வாரமும் அவர்கள் வரவே இல்லை என்று மெஷின் சொன்னது.

தாசில்தார் அலுவலகத்துக்குப் போனார்கள், கனியும் கூடப் போனாள். படியேறியதும் பன்னிரண்டு பேரும் திரும்பி நின்றார்கள். அதிகாரி இளவயதுக்காரர், எரிச்சலோடு, இந்தப் பக்கம் பாருங்கம்மா என்றார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “படம் எடுத்த நேரத்துல பக்கத்துல நின்னு உங்க முகத்தைப் பார்த்த ஆள் யாராவது, ஒவ்வொரு முகமும் எப்படி இருந்துச்சுன்னு எழுதி, பேரும் விலாசமும் போட்டுக் கையெழுத்து வச்சுத் தரட்டும். மெஷினை விட்டுட்டு நோட்டு போடச் சொல்லி நான் உத்தரவு போடுறேன்” என்றார்.

பன்னிரண்டு பேருக்கும் ஒரே ஆள்தான் நினைவுக்கு வந்தார். பெரிய மனுஷர், காரில் வந்தவர், பரிசு வாங்கியவர், பக்கத்திலேயே நின்றவர். இன்னொருத்தியும் நின்றாள் என்பது அந்த அறையில் கனிக்கு மட்டும் தோன்றியது. அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் போட்ட தாள் அவள் கண் முன்னால் வந்தது. சார் எழுதிக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவருக்கு நாலு முறை தொலைபேசியில் பேசினாள். கண்காட்சி முடியட்டும் கனி என்றார் நாலு முறையும்.

ஜூலையில் சென்னையில் கண்காட்சி. ‘மறுப்பின் முதுகு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். வழிகாட்டியும் மாணவியும் சேர்ந்து செய்தது என்று போட்டு, அவர் பெயரை மேலே போட்டிருந்தார்கள். பன்னிரண்டு பேரும் அதே நல்ல புடவைகளில், ரயிலில் உட்கார்ந்தபடியே வந்து சேர்ந்தார்கள். குளிரூட்டிய வெள்ளை அறையில் ஆள் உயரத்துக்குத் தங்கள் முதுகுகள் தொங்குவதைக் கண்டார்கள். வந்திருந்தவர்கள் பழச்சாற்றுக் கோப்பைகளோடு அந்த முதுகுகளின் முன்னால் நெடுநேரம் நின்றார்கள். முதுகுகளுக்குச் சொந்தக்காரிகளைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். ஒரு அம்மாள் இசக்கியம்மாளிடம் காலிக் கோப்பையை நீட்டினாள். இசக்கியம்மாள் வாங்கிக் கீழே வைத்தாள்.

பேச்செல்லாம் முடிந்ததும் தங்கபுஷ்பம் ரகுநந்தனிடம் போனாள். பின்னாலேயே மற்றவர்களும், உப்பளத்தில் நடக்கிற அதே வரிசையில்.

“சார், ஒரு தாள்ல எழுதித் தரணும். எங்க மூஞ்சியப் பாத்தேன்னு.”

“கண்டிப்பா பண்ணலாம்மா. ஆபீஸ்ல சொல்லி...”

“இப்பவே எழுதுங்க சார். ஒண்ணரை மாசமா கூலியில்லாம சும்மா சுமக்கோம்.”

அறக்கட்டளையின் நிர்வாகி நிவேதனா வந்து, இந்த நேரத்தில் வேண்டாமே என்றார். ஆனால் சுற்றி ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரகுநந்தன் புன்னகையோடு ஒரு தாள் வாங்கினார், சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். வேலம்மாளை முன்னால் தள்ளினார்கள்.

“மொதல்ல இவ. அன்னைக்கு எப்படி இருந்தான்னு எழுதுங்க.”

அவர் எழுதினார். தங்கபுஷ்பம் கனியிடம், வாசிட்டி என்றாள். கனி வாசித்தாள்: “உழைப்பால் வாடிய, வெயிலின் வரலாறு எழுதப்பட்ட முகம்.”

“அடுத்து இவளுக்கு.”

அவர் இசக்கியம்மாளைப் பார்த்தார். எழுதினார். கனி வாசித்தாள்: “வெயிலின் வரலாறு எழுதப்பட்ட...”

“இவளுக்கு மேலுதடு பொறந்ததுலேர்ந்தே பிளந்து தச்சது” என்றாள் தங்கபுஷ்பம். “வேலம்மாக்கு ஒரு கண்ணுல பூ விழுந்து வருசம் ரெண்டாச்சு. ரெண்டு பேரும் இப்ப உங்க முன்னாலதான் நிக்காவ.”

ரகுநந்தன் நிமிர்ந்தார். முதல் முறையாக அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது. “நான் வெளிச்சத்தைப் பார்த்துட்டிருந்தேன்மா. ஆயிரம் விஷயம் இருக்கு. எல்லாத்தையும் ஞாபகம் வச்சுக்க முடியுமா?”

தங்கபுஷ்பம் அந்தத் தாளை வாங்கி அவர் பையிலேயே மடித்து வைத்தாள். “விடுங்கட்டி. இவரு பொய் சொல்லல. இவரு பாக்கல. அவ்வளவுதான்.”

அவர்கள் வாசலைப் பார்த்து நடந்தார்கள். இசக்கியம்மாள் நடக்கவில்லை. மகளுக்கு முன்னால் வந்து நின்றாள்.

“அந்த ஆபீசர் சொன்னப்ப நீயும் அங்கதான் இருந்த. படம் எடுத்த நேரத்துல பக்கத்துல நின்ன ஆளுன்னாரு. நீ எங்க நின்ன?”

கனி அம்மாவைத் தாண்டிச் சுவரில் தொங்கிய முதுகைப் பார்த்தாள்.

“பன்னெண்டு பேரும் கேணச்சியன்னு நெனச்சியா? எங்களுக்குத்தான் பெரிய மனுசன் கையெழுத்து வேணும்னு புத்தி போச்சு. உனக்குத் தெரியும்லா. தெரிஞ்சும் ஒரு மாசம் வாயத் தொறக்கல.”

“கையெழுத்துப் போட்டிருக்கேம்மா. எழுதினா ரெண்டாம் வருசம் போயிரும்.”

“போவட்டும்னு நான் சொல்ல மாட்டேன். அது உன் படிப்பு. பாத்தியா இல்லையா, அத மட்டும் சொல்லு. நீயும் வெளிச்சத்தத்தான் பாத்தேன்னா சொல்லிரு, நாங்க ரயிலுக்குப் போறோம்.”

கனிக்குள் இத்தனை மாதம் இடம் தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்த கோபம், சாரின் மேலும் மெஷினின் மேலும் அந்தக் கோப்பையின் மேலும் போய் உட்காரப் பார்த்து எங்கும் உட்காராமல், கடைசியில் தன் மேலேயே வந்து உட்கார்ந்தது. அங்கே அது அசையாமல் நின்றது. பார்த்தேன் என்றாள். முதலில் மெல்ல. பிறகு அறை முழுக்கக் கேட்கும்படி: எல்லாரையும் பார்த்தேன்.

நிவேதனா அவள் முழங்கையைத் தொட்டு, யோசித்துச் செய் கனி, ஒப்பந்தம் இருக்கிறது, இந்த வாய்ப்புக்கு நானூறு பேர் காத்திருக்கிறார்கள் என்றார். அப்ப அவங்கள்ல ஒருத்தருக்குக் கொடுங்க மேடம் என்றாள் கனி. மேஜையில் விற்பனைக்கு அடுக்கியிருந்த கண்காட்சிப் புத்தகம் ஒன்றை எடுத்து, கடைசியில் வெறுமையாக விட்டிருந்த தாள்களைக் கிழித்துக்கொண்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். வாசிக்கத் தாளை வாங்கியபோது கூடவே வந்த ரகுநந்தனின் பேனா இன்னும் அவள் கையில்தான் இருந்தது. எதிரே தங்கபுஷ்பத்தை உட்காரச் சொன்னாள்.

“மொதல்ல உன் பேரப் போடு” என்றாள் இசக்கியம்மாள். “பாத்தது யாருன்னு தெரியணும்லா. கார்டுல மூஞ்சி உள்ளவ நீ ஒருத்திதான், ஆபீஸ்ல நம்புவாவ.”

இ. சுயம்புக்கனி, கதவிலக்கம், தெரு, முள்ளோடை என்று எழுதினாள். பிறகு தங்கபுஷ்பத்தைப் பார்த்து, பார்த்துக்கொண்டே எழுதினாள்: வயது நாற்பத்தாறு, நெற்றி இறக்கம், இடது புருவத்தை வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு, அது பதினொரு வயதில் சட்டி விழுந்து வந்தது, மூக்குத்தித் துளை தூர்ந்துபோய்விட்டது, கீழ் வரிசையில் இரண்டு பல் இல்லை, உப்பு தின்று உதட்டோரம் வெள்ளையாக இருக்கிறது, கண் இரண்டும் சிவப்பு, ஆனால் பார்வையைத் தாழ்த்துவதில்லை, அன்றைக்குப் பார்க்காதே என்று நான் சொன்ன பிறகும் ஒரு கணம் என்னைத்தான் பார்த்தாள். சுற்றி நின்றவர்கள் செல்போன்களை உயர்த்தினார்கள். அவற்றில் என்ன வந்தது என்று பார்க்க அந்தப் பெண்கள் ஒருவரும் திரும்பவில்லை.

கூட்டம் கலைந்து, சாற்றுக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு போன பிறகு, காவலாளி வந்து கோடியிலிருந்த விளக்கை அணைத்தார். ஏழு மணிக்குப் பூட்டணும்மா, உத்தரவு என்றார்.

தங்கபுஷ்பம் முகத்தை அசைக்காமல், எழுதிக்கொண்டிருக்கிறவளுக்கு நேராக வைத்தபடியே சொன்னாள்:

“இன்னும் பதினோரு பேரு இருக்கோம் தம்பி. லைட்டப் போடு.”